பிராந்தின் மேல் விழுந்த பழி

முதல் குஞ்சு காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு எண்ணியபோது ஒன்பது. எட்டரைக்கு எட்டு. கோழிக்குஞ்சு எண்ணுவது சும்மா வேலை இல்லை. ஒன்று தாயின் செட்டைக்குள் புகும்போது இன்னொன்று வெளியே வரும். எண்ணியதையே திரும்ப எண்ணிவிட்டு, கணக்குச் சரியென்று நிம்மதியாக இருந்துவிடலாம். நான் அப்படி இருந்துவிடுகிற ஆள் இல்லை. தாய்ப் பேட்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணினேன். எட்டுத்தான்.

"அம்மா, ஒண்டைக் காணேல்ல."

அம்மா குசினி வாசலுக்கு வந்து இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் வளவைப் பார்த்தா. பிறகு கையை மாற்றி, வலதைப் பொத்தி இடதால் பார்த்தா. கொஞ்ச நாளாக எதையும் அவ இப்படித்தான் பார்க்கிறா.

"வடிவாய் எண்ணினனீயோ?"

"மூண்டு தரம்."

"அப்ப போச்சு." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா.

ஒரு கோழிக்குஞ்சுக்குப் போய்ச் சிலுவையா என்று கேட்பீர்கள். இரண்டு வருசத்துக்கு முதல் அம்மாவின் இடது கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். ஒப்பரேசனுக்குப் போக முதல் அவ எங்கள் வேதக் கோயிலில் நேர்ந்துகொண்டா: பார்வை வந்தால், தன் கையால் வளர்த்த சேவல் ஒன்றைத் திருவிழாவுக்குக் கொண்டுவந்து தருவேன் என்று. எங்கள் கோயில் திருவிழாவில் இது வழக்கம். கால் கட்டிய கோழிகளும் ஆடுகளும் முதல் காய்த்த தேங்காய்க் குலைகளும் கோயில் வளவில் வந்து குவியும். ஆனால் கடையில் வாங்கின சேவல் நேர்த்திக்குச் சேராது. சொந்த வளவில் பொரித்து, சொந்தக் கையால் தீன் போட்டு வளர்ந்ததாக இருக்கவேணும். இது எங்கே எழுதியிருக்கிறது என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "உனக்குப் படிப்புக் கூடிப்போச்சு" என்றா.

பார்வை வந்தது. சேவல்தான் வரவில்லை. முதல் வருசம் வளர்த்தது திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்க வெள்ளைக் கழிச்சலில் செத்தது. அடுத்த வருசம் அடை வைத்த முட்டை எல்லாம் கூழ். இந்த வருசம் தை மாதம், இடது கண்ணில் திரும்பவும் புகை மூடத் தொடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே வைத்த வில்லைக்குப் பின்னால் சவ்வு மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது, லேசர் அடித்தால் ஐந்து நிமிசத்தில் தெளிந்துவிடும் என்று டொக்டர் சொல்லி, வியாழக்கிழமைகளில் வரும்படி கிளினிக் காட் ஒன்றும் தந்தார். அம்மா அந்தக் காட்டைக் கொண்டுவந்து அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டா.

"ஒருக்காத் தந்த கண்ணுக்குச் சொன்னதைச் செய்யேல்ல. எந்த முகத்தோட ரெண்டாந்தரம் கேக்கிறது? நேர்த்தி முடியட்டும், போவம்."

திருவிழா ஆனி மாதம். அதற்குள் அவ இரண்டு தரம் கிணற்றுப் படியில் இடறிவிட்டா. ஒரு தரம் தேங்காய் திருவுகிறேன் என்று விரலைத் திருவினா. மாசி முடிவில் பொரித்த இந்த ஒன்பது குஞ்சுகளில் ஒரு சேவலாவது தப்பி வளரவேணும். வளர்ந்தால்தான் அம்மா கிளினிக்குக்குப் போவா. எனக்கு இவ்வளவுதான் விளங்கியது. படிப்பு முடிந்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுப்போட்டுக் களைத்துப்போய் வீட்டில் இருந்த எனக்கு இது போதும். அன்றைக்கே ஒரு கொப்பி எடுத்தேன். முதல் பக்கத்தில் 'சந்தேகப்படவேண்டியவர்கள்' என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

முதலாவது, பிராந்து; பருந்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளினால் துறைமுகக் கடல். வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் வானம் முழுக்கப் பிராந்துதான்; செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலை. மீன் கழுவுகிற இடத்தில் மிதக்கிற குடலைச் செட்டை நனையாமல் காலால் கிள்ளிக்கொண்டு போகும். எங்கள் ஆட்கள் அதைக் காகத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள், கணக்கெடுக்க மாட்டார்கள். நான் கணக்கெடுத்தேன். இரண்டாவது, ஒழுங்கையில் திரிகிற மஞ்சள் பூனை. மூன்றாவது, கீரி. கீரி என்று சொன்னது அப்பா. பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"கீரியாய்த்தான் இருக்கும்."

கொப்பியில் எழுதினேன்: 'அப்பா கீரி என்கிறார். ஏன் இவ்வளவு கெதியாய்ச் சொன்னார்?'

வெள்ளிக்கிழமை இரண்டாவது குஞ்சு போனது. அன்றைக்கு நான் ஓடிவந்தபோது பின்மதிலில் ஒரு பிராந்து இருந்தது. இடது செட்டையில் ஒரு இறகு இல்லை. முன்பல் விழுந்த வாய் மாதிரி ஒரு இடைவெளி. கையைத் தட்டினேன். அது தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. களவெடுத்தது மாதிரியே இல்லை. நான்தான் அதன் வளவுக்குள் வந்துவிட்டது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. இரண்டாந்தரம் தட்டின பிறகு, 'சரி போகிறேன்' என்பதுபோல எழும்பிப் போனது.

இரண்டு தரமும் அதேதான் என்று முடிவு கட்டினேன்.

முதலில் சீடி. வெயிலில் பளிச்சிட்டால் பருந்து கிட்ட வராது என்று கேள்விப்பட்டிருந்தேன். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய சீடி கிடந்தது. பத்தை எடுத்து உடுப்புக் காயப்போடுகிற கொடியில் கட்டினேன். வளவு முழுக்க வெளிச்சம் துள்ளியது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போய் ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா.

"இதில என்ன எழுதியிருக்கு?"

வாசித்தேன். வெருகலில் கலியாணம் முடித்திருக்கிற அக்காவின் கலியாண வீடியோ, பாகம் இரண்டு.

"தாலி கட்டினது இதிலயோ?"

"ஓம் போல."

"கழட்டு!"

தாலி கட்டினதைக் கழட்டி உள்ளே வைத்தேன். மிச்ச ஒன்பதும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கிழமையே மூன்றாவது குஞ்சும் போனது.

அடுத்தது சாயம். குஞ்சுக்கு நிறம் பூசிவிட்டால் பருந்து அதைக் குஞ்சென்று எடுக்காதாம். அம்மா கேக்குக்குப் போடுகிற சிவப்புக் கலரிங் போத்தலைத் தண்ணீரில் கரைத்து ஆறு குஞ்சையும் முக்கியெடுத்தேன். றோசாப்பூ மாதிரி இருந்தன. பிராந்து என்ன நினைத்ததோ தெரியாது, பேடு தன் பிள்ளைகளை அடையாளம் காணவில்லை. கிட்டப் போன ஒவ்வொன்றையும் கொத்திக் கலைத்தது. குஞ்சுகள் கத்த, பேடு கத்த, அம்மா என்னைக் கத்த, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒவ்வொன்றாய்க் கழுவினேன். ஐந்து ஓரளவு வெளுத்தன. ஒன்று மட்டும் என்ன கழுவியும் இளஞ்சிவப்பாகவே நின்றது. இரண்டு நாளில் போனது அதுதான். வளவில் எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிந்த குஞ்சு அது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஐந்து.

அம்மாவின் தம்பிக்குச் சொந்தமாக வள்ளம் இருக்கிறது. விசயம் கேள்விப்பட்டு மாமா ஒரு பழைய தங்கூசி வலையை மோட்டார்சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சீடியாம், சாயமாம்! கடற்கரையில பிறந்துபோட்டு வலை ஞாபகம் வரேல்லையோ மருமகளுக்கு?" வேப்பமரத்திலிருந்து பின்மதில் வரைக்கும் வளவுக்கு மேலே இழுத்துக் கட்டினோம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலை. பிராந்து இறங்கினால் சிக்கும். நான் பின்வாசல் படியில் இருந்து பார்த்து மகிழ்ந்தேன்.

விடிய எழும்பினால் வளவுக்கு மேலே கூட்டம் நடக்கிறது. காகம் ஒரு முப்பது. பிராந்து நாலைந்து. வலையைக் கொத்துகின்றன, இழுக்கின்றன, அடிபடுகின்றன. மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"வலையைக் கழுவினனீங்களோ?" என்றார் மாமா.

"நீங்கள்தானே மாமா கொண்டுவந்து கட்டினனீங்கள்!"

"நான் கடலுக்குப் போடுற வலை. கடலுக்குள்ள கழுவுப்படும் எண்டு விட்டிட்டன்."

முடிச்சுகளுக்குள் காய்ந்த சூடை மீன் தலைகள். நான் என் கோழிகளுக்கு மேலே பிராந்துக்கு விருந்து விரித்து வைத்திருக்கிறேன். அவிழ்த்து, சவுக்காரத் தூள் போட்டு இரண்டு நாள் ஊறவைத்து, தோள் கழலக் கசக்கித் திரும்பக் கட்டினோம். காகங்கள் விட்டுப் போயின.

செட்டையில் இறகில்லாத பிராந்து மட்டும் போகவில்லை.

இப்போதுதான் எனக்கு உண்மையான சந்தேகம் பிடித்தது. அது ஒவ்வொரு நாளும் காலை ஏழுமணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக வருகிறது. பின்மதிலின் மூலையில், கிணற்றுப் பக்கமாக, வலைக்கு வெளியே அதே இடத்தில் இருக்கிறது. பத்து நிமிசத்தில் போய்விடுகிறது. பசிக்கு வருகிற பறவை இப்படி நேரம் பார்த்து வராது. யாரோ அதற்கு நேரம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மதிலில் ஏறிப் பார்த்தேன். மூலையில் மீன் செதில் ஒட்டியிருந்தது, காய்ந்த இரத்தக் கோடும் இருந்தது. யாரோ தீனி போட்டுப் பழக்குகிறார்கள். யார்?

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற அன்ரியை நான் ஏற்கெனவே கொப்பியில் எழுதித்தான் வைத்திருந்தேன். அவ சைவக்காரி. பிராந்து அவவுக்குக் கருடன். காலையில் அதைக் கண்டால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுவா. ஒருநாள் நான் மதிலைப் பார்த்து ஒரு சின்னக் கல்லுத்தான் எறிந்தேன். "அது சுவாமியின்ர வாகனம் பிள்ளை, கல்லெறியாதை" என்று சத்தம் போட்டா. சுவாமியின் வாகனத்துக்குப் பெற்றோல் அடிக்கிறது இவதான் என்று அன்றைக்கே நினைத்தேன்.

போய்க் கேட்டுவிட்டேன். நேராக. படலைக்கு வெளியிலேயே நின்று.

"அன்ரி, நீங்கள் பிராந்துக்குச் சாப்பாடு போடுறனீங்களோ?"

அவ கையில் பூத்தட்டோடு நின்றா. "என்ன சாப்பாடு?"

"மீன் குடல். மதிலில செதில் கிடக்கு. அது உங்கட மதிலும்தானே. நீங்கள் அதைக் கும்பிடுறனீங்கள். எங்கட குஞ்சு நாலு போட்டுது. அம்மாவின்ர கண் விசயம் உங்களுக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவ என்னை மேலிருந்து கீழே பார்த்தா.

"பிள்ளை, நான் இருபத்தொரு வருசமாய் மச்சம் தொடுறேல்ல. மீன்காரன்ர ஹோர்ன் கேட்டாலே சன்னலைச் சாத்துற ஆள். நானோ குடல் எடுத்துப் போடுறன்?"

எனக்குக் காது சுட்டது. அன்ரி சைவச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியாத விசயமே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவ வீட்டில்தான் சாப்பிடுகிறேன். சந்தேகம் ஓடுகிற வேகத்தில் அதைப் பார்க்காமல் தாண்டிவிட்டேன்.

அவ பூத்தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுச் சொன்னா: "ஆர் போடுறது எண்டு எனக்குத் தெரியும். உங்கட வீட்டுக்குள்ள கேள். இன்னொண்டு, இனிச் சண்டைக்கு வாறதெண்டா ஒன்பது மணிக்குப் பிறகு வா. இது பூசை நேரம்."

உங்கட வீட்டுக்குள்ள. வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஒருவருக்குப் பின்மதில் மூலை வடிவாகத் தெரியாது. ஒருத்தி நான்.

அடுத்தநாள் காலை ஆறரைக்குக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, சன்னல் இடுக்கால் பார்த்தேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் மீன் வெட்டுகிற வேலை அவருடையது. கிணற்றடியில் பலகை வைத்து, கடற்கரையில் வாங்கிவந்த பாரைக்குட்டி இரண்டை வெட்டினார். குடலை எடுத்தார். அந்தக் குடலை அம்மா அவித்துத் தவிட்டில் பிசைந்து கோழிகளுக்கு வைப்பா. ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. அப்பா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பாதியைச் சட்டியில் போட்டார். மீதியைக் கொண்டுபோய் மதில் மூலையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல கையைக் கழுவினார்.

பிராந்து வந்தது. அப்பா அதோடு ஏதோ கதைத்தார்! தண்ணீர்ச் சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை.

"அப்பா!"

அவர் திடுக்கிட்டதில் கத்தி கிணற்றுக்கட்டில் விழுந்தது.

"எவ்வளவு நாளாய் இது நடக்குது?"

"கொரோனா ஊரடங்கு நேரம் தொடங்கினது," என்றார். "வள்ளம் ஒண்டும் போகேல்ல அப்ப. இவன் பட்டினி கிடந்தவன்."

"இவனோ? இவன்தான் எங்கட குஞ்சைத் தூக்கிறவன்!"

"இவன் தூக்கேல்ல."

"கீரி எண்டு சொன்னீங்கள். இவனைக் காப்பாத்தத்தானே சொன்னீங்கள்?"

அப்பா குனிந்து கத்தியை எடுத்துக் கழுவத் தொடங்கினார். குற்றவாளி என்று நான் முடிவெடுக்க அது போதுமாக இருந்தது. அம்மா வெளியே வந்து விசயத்தைக் கேட்டா. குடல் பாதி போனது ஒரு கோபம், அதை எடுத்துப் போட்டது தன் நேர்த்திக்குக் குறுக்கே நிற்கிற பறவைக்கு என்பது பெரிய கோபம். ஆனால் சத்தம் போடவில்லை. "எனக்குத்தான் கண் தெரியாது. உங்களுக்குமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

அன்றையோடு அப்பா நிறுத்திவிட்டார். பிராந்து மூன்று காலை வந்து அதே மூலையில் இருந்து பார்த்தது. அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டினார். நாலாம் நாள் அது வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ஒரு கிழமை கழித்து ஐந்தாவது குஞ்சு போனது.

"பழி வாங்குது," என்றேன்.

"அதுதான் வாறதே இல்லையே," என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் கூட இல்லை. "வலைக்கு மேலால எப்பிடித் தூக்கினது? உனக்குத்தானே எல்லாம் தெரியும். சொல்லு."

கொப்பியில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அப்பா திருட்டுத்தனமாக எங்கேயோ வெளியில் தீனி போடுகிறாரோ என்று பார்க்க, ஒருநாள் கடைக்குப் போனவருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

நாலு குஞ்சு மிச்சம். ஒன்றரை மாதக் குஞ்சுகள். இரண்டுக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கியிருந்தது. சேவல்கள். அம்மா ஒவ்வொரு நாளும் அவற்றின் தலையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டா.

மாமா திரும்ப வந்தார். இந்தமுறை கொண்டுவந்தது மீன் கூடு. கல்லுக்கிடையில் இறக்குகிற கம்பிக்கூடு, நாலடி அகலம், கம்புச் சட்டம், ஒரு பக்கத்தில் புனல் மாதிரி உள்ளே ஒடுங்கிப் போகிற வாய், மறுபக்கத்தில் மீன் எடுக்கிற சின்னக் கதவு. அந்தக் கதவால் பேட்டையும் நாலு குஞ்சையும் உள்ளே விட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

"சுறா முட்டினாலும் உடையாது. இனிப் பயமில்லை."

கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு கம்பிக் கண்ணையும் விரல் விட்டுப் பார்த்தேன். "மாமா, இந்த வாய் திறந்திருக்கே?"

"அது வாய். உள்ளுக்குப் போனது அதால வெளியில வராது. முப்பது வருசம் கூடு போடுறன், ஒரு மீன் திரும்பி வந்ததைக் காணேல்ல. உன்ர குஞ்சு வருமோ?"

எனக்கு அது முழுச் சரியாகப் பட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூட. கடலோடு சீவித்த குடும்பம். கூடு என்றால் உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் தலைக்குள் இருந்தது. வெளியே இருப்பது உள்ளே வரத்தான் அந்த வாயையே செய்திருக்கிறார்கள் என்று நாலு பேரில் ஒருவருக்கும் ஓடவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். நான் முன்னறையில் இன்னொரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பேடு கத்தியது. அது முந்திக் கத்தாத கத்து. பேனையோடு ஓடினேன்.

கூட்டுக்குள் இறகு பறந்தது. புறா அளவில் ஒரு சாம்பல் நிறப் பறவை கம்பியில் மோதி விழுகிறது, எழும்பித் திரும்ப மோதுகிறது. நெஞ்சில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். செம்மஞ்சள் கண். கீழே இரண்டு குஞ்சு அசைவில்லாமல் கிடந்தன. பேடு மூலையில் செட்டை இரண்டையும் நிலத்தில் விரித்து அழுத்திக்கொண்டு இருந்தது. அதற்குக் கீழே ஏதோ அசைந்தது.

"என்னடி அது? பூனையோ?" அம்மா கண்ணை மாற்றி மாற்றிப் பொத்தியபடி ஓடிவந்தா.

"பிராந்து! சின்னப் பிராந்து!" என்று கத்தினேன். எங்கள் பக்கத்தில் வளைந்த சொண்டு இருக்கிற எல்லாமே பிராந்துதான்.

"பிராந்து இல்லை," என்றார் பின்னால் வந்த அப்பா.

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்தார். கதவுக் கம்பியை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, துவாயை அதன் மேலே போட்டு அமத்தினார். ஒரு நகம் அவருடைய பெருவிரலுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். துவாய்ச் சுருளை வெளியே எடுத்து, தலையை மட்டும் காட்டி, அம்மாவின் வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"பார். வடிவாய்ப் பார்."

அம்மா மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தா. "இந்தச் சின்னனோ?"

"இதுதான். வல்லூறு. வேப்பமரத்துக்குள்ள இருந்து, வலைக்குப் பக்கத்தால, நிலத்தோட பதிஞ்சு வந்திருக்கு. இவள் முழுநேரமும் மேலயெல்லோ பார்த்துக்கொண்டு நிண்டவள்."

மதிலுக்கு மேலால் அன்ரியின் தலை தெரிந்தது. சத்தம் கேட்டு வந்திருக்கிறா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என்னை மட்டும் பார்த்தா.

பேட்டை மெல்லத் தூக்கினேன். கீழே இரண்டு இருந்தன. ஒன்று பேடு. ஒன்றுக்குச் சிவந்த கொண்டை. வலது காலில் ஒரு விரல் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு கையாலும் அதை வாங்கி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துச் சீலைத் துண்டால் சுற்றினா. "இது இருந்தால் காணும், இது ஒண்டு இருந்தால் போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது எங்களுக்கா, வேறு ஆருக்காவதா என்று தெரியவில்லை.

மாமா வந்து கூட்டைப் பார்த்து, செத்த குஞ்சுகளைப் பார்த்து, வாயைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு ஒரு பலகைத் துண்டை எடுத்து வாயில் வைத்து ஆணி அடித்தார். வல்லூறைத் துளை போட்ட பெட்டிக்குள் வைத்து, வள்ளத்தில் ஏற்றி அக்கரையில் விட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

"ஏன், அக்கரையில ஒருத்தரும் கோழி வளர்க்கிறேல்லையோ?" என்று மதிலுக்கு மேலால் அன்ரி கேட்டா. மாமா காட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுவதாகத் திருத்திச் சொன்னார். அது பின்னேரத்துக்கு முதலே திரும்பி வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றிலிருந்து வேப்பமரத்தை நான் சும்மா பார்த்ததில்லை.

அடுத்தநாள் ஒன்பது மணிக்குப் பிறகு, நேரம் பார்த்து, அன்ரி வீட்டுக்குப் போனேன். மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று யோசித்து முடிக்க முதல் அவ தேத்தண்ணி வைத்துவிட்டா. கொப்பி விசயத்தை அம்மா முந்தியே சொல்லியிருக்கிறா போல. "கொப்பியில என்ர பேர் எத்தினையாம் இடம்?" என்று கேட்டா. பிராந்து, பூனை, கீரிக்குப் பிறகு நாலாம் இடம் என்றேன். "பூனைக்குப் பிறகோ?" அதற்குத்தான் உண்மையில் கோபப்பட்டா.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவிடம் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் இல்லை. அந்தக் கிழமை மீன் வெட்டியபோது அம்மா குசினி வாசலில் நின்று, "பாதியை வையுங்கோ அதுக்கு, எனக்குத் தெரியாமல் வைக்கிறதைவிடத் தெரிஞ்சு வையுங்கோ" என்றா. இறகில்லாத பிராந்து திரும்ப வர நாலு நாள் எடுத்தது. வந்தது. தின்றது. அது குஞ்சு தூக்கியதை நான் ஒருநாளும் காணவில்லை என்பது உண்மை. தூக்கவே தூக்காது என்று அப்பா சொல்லுகிறார். எனக்கு இன்னும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது மதிலில் இருக்கிற நேரம் நான் கூட்டுக்குப் பக்கத்தில் தும்புத்தடியோடு நின்றுகொண்டுதான் இருந்தேன்.

சேவல் வளர்ந்தது. கறுப்பில் செம்பு மினுங்குகிற உடம்பு, நல்ல கொண்டை, குரல் மட்டும் உடைந்த தகரம். வலது காலில் ஒரு விரல் இல்லை. நடக்கும்போது ஒரு பக்கம் சாயும். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்க அம்மாவுக்குப் புதுக் கவலை வந்தது. ஊனமான சேவலை நேர்த்திக்குக் கொடுக்கலாமோ? இன்னொரு வருசமா? இடது கண்ணால் இப்போது கை விரலைக் கூட எண்ண ஏலாது அவவுக்கு.

பகல் முழுக்க யோசித்தா. பின்னேரம் சேவலை மடியில் வைத்து, விரல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு சொன்னா: "வாங்கினதெண்டால் குறை பார்க்கலாம். இது என்ன பாடுபட்டு வளர்ந்தது எண்டு ஆண்டவருக்குத் தெரியும்தானே."

திருவிழா அன்று கோயில் வளவில் மேசை போட்டு, வருகிற நேர்த்திகளை ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். வரிசை நீளம். அம்மா சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா. நான் பக்கத்தில், அப்பா பின்னால் குடை பிடித்தபடி. எங்கள் முறை வந்தது. அவர் சேவலைத் தூக்கிப் பார்த்தார்.

"காலுக்கு என்ன நடந்தது?"

"பிராந்து கொத்தினது," என்றா அம்மா.

"பிராந்து இல்லை."

அப்பா இவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வல்லூறு," என்றார் அப்பா. "அது வேற, இது வேற. பிராந்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

எழுதுகிறவர் பேனையைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அப்ப நான் என்னெண்டு எழுதுறது?"

"சேவல் எண்டு எழுதுங்கோ," என்றா அம்மா. சேவலை அவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக ஒரு நிமிசம் நின்றா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"கிளினிக் வியாழக்கிழமைதானே? காட் சீலைக்கடியில கிடக்கு. போனவுடனை எடுத்து வை."